கூலியில் பேரூராட்சியின் பங்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை உப்புக் குவியல்களால் அடையாளம் கண்டுகொள்வார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அளங்கள். தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் சொன்ன கையோடு உப்புக்காகச் சொல்லப்படும் ஊர் இது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இங்கேதான். மரக்காணத்தைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் உப்பின் விலையையும் கூலியையும் பருவம் தப்பிய மழையையும் சுற்றியே இருக்கும். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, அளத்துக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, ஐப்பசி மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டதா என்பவை செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு மூலையோடு நின்றுவிடும். கூலிப் பிரச்சினை ஒரு பக்கம், குடிநீர்ப் பிரச்சினை இன்னொரு பக்கம் என்று பிரித்தே பழகிவிட்டோம். இந்தப் பிரிப்பு தவறு. நாள் கூலியில் வாழும் உப்பளக் குடும்பத்துக்குப் பேரூராட்சி செய்யும் ஒவ்வொரு வேலையும் வருமானத்தில் கூடுகிறது, செய்யாமல் விடும் ஒவ்வொரு வேலையும் அதில் கழிகிறது. அதனால் உள்ளாட்சிச் சேவையைக் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்று பார்த்துவிடுவோம். உப்பு உற்பத்தியின் கட்டுப்பாடு மத்திய அரசிடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 58-வது இனம் அதுதான். மரக்காணத்து அளங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலமும் உண்டு, மாநில அரசுக்குச் சொந்தமான நிலமும் உண்டு. தொழிலாளர் நலம், ரேஷன், முதியோர் உதவித்தொகை, ஆரம்ப சுகாதார நிலையம், மின்சாரம் ஆகியவற்றை மாநில அரசின் துறைகள் பார்த்துக்கொள்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுஞ்சாலைக்காரர்களுடையது. இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவது பேரூராட்சியின் பொறுப்பு. குடிநீர் விநியோகம், தெருவிளக்கு, உள்தெருக்கள், மழைநீர் வடிகால், குப்பை அகற்றல், பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, இடுகாடு, சந்தை, பிறப்பு இறப்புப் பதிவு, வீடு கட்ட அனுமதி என்று அந்தப் பட்டியல் நீளும். 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, விக்கிரவாண்டி, வளவனூர் உள்ளிட்ட ஏழில் மரக்காணமும் ஒன்று. மக்கள் தேர்ந்தெடுக்கும் வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அன்றாட நிர்வாகத்தை அரசு நியமிக்கும் செயல் அலுவலர் நடத்துவார். மேலே சொன்ன பட்டியலைச் சில்லறை வேலைகள் என்று நினைப்பவர்கள் உப்பளத் தொழிலாளியின் ஆண்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தையொட்டி அளங்களில் தேங்கிய நீரை வடித்துவிட்டுப் பாத்திகளைச் சீரமைக்கத் தொடங்குகிறார்கள். வரப்பு கட்டி, தரையைக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு உப்பு வாருகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில்தான் உற்பத்தி உச்சத்துக்குப் போகும். புரட்டாசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடையாது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த மூன்று மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியதே, இந்த வெற்று மாதங்கள் எவ்வளவு கடினமானவை என்பதற்குச் சான்று. ஆக, எட்டு அல்லது ஒன்பது மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். அந்த எட்டு மாதத்திலும் வெயில் ஏறுவதற்குள் கூடிய மட்டும் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே அளத்துக்குக் கிளம்புகிறார்கள். விடியற்காலையின் ஒவ்வொரு மணி நேரமும் விலை உயர்ந்தது. அந்த மணி நேரத்துக்குப் போட்டியாக வந்து நிற்பது தண்ணீர்.

கடலும் கழிமுகமும் உப்புப் பாத்தியும் சூழ்ந்த நிலத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பது இயல்பு. எந்த உவர்ப்பு இந்த ஊருக்குச் சோறு போடுகிறதோ, அதுவே கிணற்றையும் கைப்பம்பையும் குடிக்க உதவாமல் செய்கிறது. உள்நாட்டு ஊர்களில் குழாய்த் தண்ணீர் நின்றால் கிணறு கைகொடுக்கும். உப்பளக் கரையில் அந்த வசதி எல்லோருக்கும் இல்லை. குழாய் நின்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது தூரம் நடக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் தண்ணீருக்காகக் காத்திருப்பதும் சுமப்பதுமாக நாளுக்கு ஒரு மணி நேரம் போகிறது என்று வையுங்கள். உப்புப் பருவம் எட்டு மாதம், ஏறக்குறைய 240 நாள். 240 மணி நேரத்தை எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 30 நாள். பருவத்தில் ஒரு மாதக் கூலி குழாயடியில் கரைகிறது. அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கூலி வேலையிலிருந்து எடுக்கப்பட்டது அல்ல, தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படும் மணி நேரம் இலவசம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? இங்கே ‘பெண்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைத்தாலும் வீட்டுத் தண்ணீர் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பாகவே இருக்கிறது.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் குழாய் வழியாக ஒருவருக்கு நாளுக்கு 70 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த அளவு. கிராமப்புறங்களுக்காக 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டரை இலக்காக வைத்தது. இந்த அளவுகள் தேவையானவைதான். ஆனால் லிட்டரோடு நின்றுவிடுகின்றன. எத்தனை மணிக்கு வருகிறது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. காலை எட்டு மணிக்கு வரும் 70 லிட்டர் அரசு ஊழியர் வீட்டுக்குப் போதும். விடியுமுன் அளத்துக்குப் போய்விட்ட குடும்பத்துக்கு அந்த எட்டு மணித் தண்ணீர் வராத தண்ணீர்தான். மேல்நிலைத் தொட்டியின் வால்வை எந்த நேரத்தில் திறப்பது என்பதை முடிவு செய்ய நாடாளுமன்றமும் வேண்டாம், சட்டமன்றமும் வேண்டாம். பேரூராட்சியின் குடிநீர்ப் பணியாளருக்கு ஒரு நேர அட்டவணை போதும். பருவ மாதங்களில் உப்பளத் தெருக்களுக்கு மாலையில் தண்ணீர் விடுவது என்று முடிவெடுத்தால் ஒரு சொட்டு கூட அதிகம் தேவைப்படாது. மரக்காணம் ஒன்றியத்துக் கூனிமேட்டில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய ஆலை வந்தாலும் அதன் பயன் வீட்டுக்கு வந்து சேர்வது இந்த வால்வு வழியாகத்தான்.

தண்ணீருக்கு அடுத்தது கழிப்பிடம். சென்னையில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் சுமார் 350 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. நீரிழப்பும் வெப்பமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உலகின் வேறு பல வெயில் தொழில்களிலும் கவனிக்கப்பட்டுவரும் விஷயம். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இது பெரிய நோயாகவே பரவியது. உப்பளத்தில் இதைக் கூட்டும் இன்னொரு காரணம் கழிப்பிடம் இல்லாதது. மரமோ புதரோ மறைவோ இல்லாத வெட்டவெளியில் வேலை செய்யும் பெண், சிறுநீர் கழிக்க இடம் இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். கண் கூசுவதையும் பாதம் வெடிப்பதையும் தடுக்கக் கண்ணாடியும் காலணியும் தர வேண்டியது முதலாளியின் கடமை, தொழிலாளர் துறையின் கண்காணிப்பு. அளத்தின் விளிம்பில், பேரூராட்சி எல்லைக்குள், தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பிடமும் நிழல் கூரையும் குடிநீர்த் தொட்டியும் அமைப்பதைப் பேரூராட்சி செய்ய முடியும். பேருந்து நிலையத்தில் கழிப்பிடம் கட்டுவதற்கு என்ன நியாயமோ அதே நியாயம் இதற்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கூடும் இடம் அது. ஒருவர் சிறுநீரக நோயாளியானால் அந்தக் குடும்பம் இழப்பது ஒரு மாதக் கூலியோடு நிற்காது.

மழைக்காலத்தில் பேரூராட்சியின் கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. மரக்காணம் தாழ்ந்த கடற்கரை. மேற்கிலிருந்து வரும் ஓடைநீர் கழுவேலி ஏரியில் சேர்ந்து எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கடல் மட்டம் ஏறியிருக்கும்போது பெருமழையும் சேர்ந்தால் ஊரின் தண்ணீர் வடிய வழி தேடும். 2011 டிசம்பரில் தானே புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அவ்வளவு மழையை எந்த வடிகாலும் முழுவதுமாகத் தாங்காது. ஆனால் தண்ணீர் இரண்டு நாளில் வடிகிறதா, பத்து நாள் நிற்கிறதா என்பதை முடிவு செய்வதில் அந்த வடிகாலுக்குப் பங்கு உண்டு. பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடும் அடைத்த வடிகாலும் ஆகஸ்டில் தூர்வாரிய வடிகாலும் ஒன்றல்ல. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தபோது குப்பையைத் தரம் பிரித்துத் தருவது வீட்டின் கடமை, வாங்கிக்கொள்வது உள்ளாட்சியின் கடமை என்று வகுத்தன. கடற்கரை ஊரில் அந்த விதி வெள்ளத் தடுப்பு விதியும்கூட. வீட்டுக்குள் தண்ணீர் நின்ற ஒவ்வொரு நாளும் பாத்திரம், துணி, அரிசி, பள்ளிப் புத்தகம் என்று சேமிப்பைத் தின்னும். வேலையில்லாத மாதத்தில் அந்தச் சேமிப்புதான் குடும்பத்தின் மொத்த முதல்.

அடுத்தது பேரூராட்சி தரும் காகிதம். பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்று திருத்தம் வந்திருக்கிறது. மருத்துவமனையில் நடக்கும் பிறப்பு பெரும்பாலும் தானாகவே பதிவாகிவிடும். வீட்டில் நடக்கும் இறப்பு அப்படி அல்ல. குடும்பத்தலைவர் இறந்து அதைப் பதிய மறந்தால், பிறகு வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, நலவாரிய உதவி, வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாக நின்றுபோகும். காலம் கடந்த பதிவுக்கு அலைச்சலும் கட்டணமும் உண்டு. அலைவது என்றால் வேலைக்குப் போகாமல் அலைவது. சுடுகாட்டுப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்ட வீட்டுக்கு ஆளனுப்பி எழுதி வாங்கினால் பேரூராட்சிக்கு ஒருநாள் வேலை. அந்தக் குடும்பத்துக்கு மிச்சமாவது பல மாத அலைச்சல்.

இவ்வளவு சொன்ன பிறகு, பேரூராட்சியில் வாழ்வதால் இந்தத் தொழிலாளர்கள் இழப்பதையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டம் என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலை உறுதி ஏற்பாடு ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. மரக்காணம் ஒன்றியத்தின் கிராமங்களில் உப்பளத்துக்குப் போகிறவருக்கு அந்த வேலை உண்டு. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், பேரூராட்சி வார்டில் குடியிருப்பவருக்கு இல்லை. அளம் ஒன்று, வெயில் ஒன்று, வேலையில்லாத மாதங்களும் அதே மூன்று மாதங்கள். இந்த எல்லை இயற்கையானதும் இல்லை, நிலையானதும் இல்லை. 2004-ல் தமிழ்நாடு அரசு பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 2006-ல் மீண்டும் பேரூராட்சிகளாகவே ஆக்கியது. நகர்ப்புறங்களுக்கென மாநில அரசு 2022-ல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டம் தேர்ந்தெடுத்த சில இடங்களோடு முன்னோட்டமாகத் தொடங்கியது. மரக்காணம் போன்ற பருவத்தொழில் ஊர்களுக்கு அதை அக்டோபர், நவம்பர், டிசம்பரில் விரித்தால் இரண்டு காரியம் முடியும். வடிகால் பராமரிப்பு, கரை பலப்படுத்தல், மரக்கன்று நடுதல் ஆகியவற்றுக்குப் பேரூராட்சிக்கு ஆள் கிடைக்கும். அளத்தில் வேலை இல்லாதவருக்குக் கூலி கிடைக்கும். ஊராட்சியாகத் திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதில் வேலைத் திட்டம் வரும். முழுநேரச் செயல் அலுவலரும் துப்புரவுப் பணியாளர்களும் நகர்ப்புற நிதியும் போகும். எல்லையை மாற்றுவதைவிடத் திட்டத்தை எல்லை தாண்டி நீட்டுவதே மேல்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, பணம். வரி கட்ட வசதியில்லாத மக்கள் நிறைந்த ஊரில் பேரூராட்சி எதை வைத்து இவ்வளவும் செய்யும்? நியாயமான கேள்வி. சொத்து வரி கட்டடத்தையும் மனையையும் சார்ந்தது. உப்பளத்தின் பெரும்பரப்பில் கட்டடமே இல்லை. மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி விதிக்க அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு இடம் தருவதில்லை. தொழில் வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988-ல் வைக்கப்பட்டது, இன்றும் அதே. ஊரின் மிகப் பெரிய தொழில் ஊரின் கருவூலத்துக்கு மிகக் குறைவாகவே தருகிறது. ஆனால் பேரூராட்சி வீட்டு வரியை மட்டும் நம்பி நடப்பது இல்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை சிறு நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டியும் வைத்தது. அளக்காரர்கள் ஓட்டும் டீசலுக்கும், தொழிலாளி வாங்கும் சோப்புக்கும் கட்டப்படும் வரி மேலே போய்ப் பகிர்வாகத்தான் கீழே வருகிறது. எனவே மரக்காணம் வரி கட்டாத ஊர் என்பது சரியில்லை. கட்டிய வரி வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. இன்னும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மத்திய அரசு நிலத்தின் குத்தகையில் ஒரு சிறு பங்கை, அந்த அளங்கள் இருக்கும் உள்ளாட்சிக்கு ஒதுக்கும் ஏற்பாடு வேண்டும். சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு மாவட்டக் கனிம நிதி உண்டு. உப்பு விளையும் ஊருக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

கட்டச் சொல்லும் வரியிலும் நேரம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு இரண்டு மாதமும் ஒன்றுதான். உப்பளக் குடும்பத்துக்கு அக்டோபர் என்பது கூலி நின்றுபோகும் மாதம். இரண்டாம் அரையாண்டு வரியைச் செப்டம்பரிலேயே வாங்கிக்கொண்டு ஊக்கத்தொகை தருவதாக ஒரு முகாம் நடத்தினால் வசூலும் கூடும், பாக்கியும் குறையும். 2022-ல் சொத்து வரி சீராய்வின்போது 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதத்தோடு உயர்வை நிறுத்திய அரசு, வீட்டின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வருமானம் வரும் மாதத்தையும் கணக்கில் எடுப்பது அடுத்த படி.

இரண்டாவது எதிர்வாதம், தனியார். கேன் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வருகிறது, கட்டணக் கழிப்பிடம் சுத்தமாக இருக்கிறது, பேரூராட்சியை ஏன் நம்ப வேண்டும்? வசதி உள்ளவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் வாழ்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேனுக்குப் போகும் காசு கூலியிலிருந்துதான் போகிறது. அளத்தில் கூலி பத்து ரூபாய் ஏறி, தண்ணீருக்கு அதே பத்து ரூபாய் போனால் கூலி ஏறவில்லை. இதை உலகுக்குக் காட்டியவர் ஒரு முதலாளிதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் திருகாணித் தொழிற்சாலை நடத்திப் பணம் சேர்த்த ஜோசப் சேம்பர்லின், 1873-ல் மேயரானதும் தனியார் எரிவாயு நிறுவனங்களையும் குடிநீர் நிறுவனத்தையும் நகராட்சிக்கே வாங்கினார். எரிவாயுவில் நகராட்சி லாபம் பார்க்கலாம், குடிநீரில் ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பது அவர் நிலை. தொழிலாளி நோயில்லாமல் இருப்பதும் நேரத்துக்கு வேலைக்கு வருவதும் நகரத்தின் செல்வம் என்று தொழில் நடத்தியவருக்குத் தெரிந்திருந்தது. மரக்காணத்தில் அளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்களும் இதை யோசிக்கலாம். பேரூராட்சி நன்றாக நடந்தால் அவர்களுக்கும் லாபம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. பேரூராட்சிக்கு அதிகாரமே இல்லை, எல்லாம் சென்னையிலும் மாவட்டத் தலைநகரிலும் முடிவாகிறது, இருக்கிற கொஞ்சமும் ஒப்பந்தக்காரர்களிடம் போகிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்ட 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. பணிகள் வந்த அளவுக்குப் பணமும் பணியாளரும் வரவில்லை. அதைவிட மோசம், தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாக வார்டில் கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் மத்திய நிதி ஆணைய மானியமும் தடைபட்டது. தேர்தல் நடக்காமல் போனால் ஜனநாயகம் பாதிக்கப்படும் என்று பேசுகிறோம். குழாயும் பாதிக்கப்பட்டது. ஆனால் இந்த வாதம் உள்ளாட்சியைக் கைவிடச் சொல்லும் வாதம் ஆகாது. அதிகாரம் குறைவாக இருக்கிறது என்றால் அதைக் கூட்டக் கேட்க வேண்டும். காசு ஒழுகுகிறது என்றால் கணக்கைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

திறந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் தன் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியைக் குடியிருப்போர் கூட்டங்களில் முடிவு செய்யத் தொடங்கியது. எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தப் பகுதிக்கு முதலில் சாக்கடை என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள். 1988-ல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997-ல் 98 சதவீதத்தைத் தொட்டது. பணம் கூடியதும் ஒரு காரணம். ஆனால் யாருக்கு முதலில் என்ற வரிசை மாறியது பெரிய காரணம். நம் ஊராட்சிகளில் கிராம சபை உண்டு, பேரூராட்சியில் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளைத் தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்தது. விதி வந்துவிட்டது, வழக்கம் வர வேண்டும். உப்பளத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாத நாளில், மாலை நேரத்தில் கூட்டம் கூட்டினால் வருவார்கள். காலை பதினோரு மணிக்குக் கூட்டினால் வர முடியாது, பிறகு மக்கள் ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்ளலாம். மாநிலத்தின் உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. தண்ணீர் சுமக்கிறவரும் வால்வு அட்டவணையை முடிவு செய்கிறவரும் ஒரே மேசைக்கு வர இது நல்ல வாய்ப்பு.

ஆகவே உள்ளாட்சியின் செயல்பாட்டை அளக்கும் கோல் மாற வேண்டும். எத்தனை கிலோமீட்டர் சிமென்ட் சாலை, எத்தனை லட்சத்தில் பூங்கா என்பதோடு, பருவ மாதங்களில் உப்பளத் தெருவுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் வந்தது, செப்டம்பர் முடிவதற்குள் எத்தனை வடிகால் தூர்வாரப்பட்டது, அளத்துக்குப் போகும் பாதையில் விளக்கு எத்தனை நாள் எரிந்தது, 21 நாளுக்குள் எத்தனை இறப்பு பதிவானது என்று ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி தேவையில்லை. உப்புப் பருவத்தை ஒட்டிய ஒரு நாட்காட்டி தேவை. பேரூராட்சியின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, உப்பின் ஆண்டு தையில் தொடங்குகிறது. இரண்டையும் பொருத்துவது ஒரு மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரக்கூடிய வேலை. உப்பின் விலையை மரக்காணம் முடிவு செய்ய முடியாது. கூலியை முழுவதுமாக முடிவு செய்யவும் முடியாது. அந்தக் கூலியில் எவ்வளவு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மரக்காணம் தன் மன்றத்திலேயே முடிவு செய்யலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் உப்பளத் தெருக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.